‘அப்புறம் சொல்றோம்’ என்றவரை மறுபடி எப்போது அழைப்பது?

சிறு தொழிலுக்கு இலவசமாக ஒரு என்கொயரி பதிவேடு: சந்தேகங்களும் விளக்கங்களும்

வீட்டு மாடியில் சோலார் பேனல் அமைத்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர், அலுவலகத்தில் ஒருவர், சைட் பார்க்க இரண்டு பேர், அவ்வளவுதான் ஆட்கள். 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கி, 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்ற செய்தி பரவியபின் இப்படிப்பட்ட கடைகளுக்கு விசாரித்து வருபவர்கள் பல வழிகளில் வருகிறார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘ரேட் என்ன?’ என்று மட்டும் அனுப்புவார். இன்னொருவர் கரண்ட் பில்லோடு நேரில் வருவார். ஏற்கெனவே பேனல் போட்டவர் தன் சம்பந்தியை அனுப்பிவைப்பார். எல்லாரும் கேட்கிறார்கள், அன்றைக்கே ஆர்டர் கொடுப்பவர் அரிது. ஒரு லட்சத்தைத் தாண்டும் செலவு என்பதால் வீட்டில் பேச வேண்டும், வங்கியில் கேட்க வேண்டும், ஆடி கழிய வேண்டும். விலை கேட்ட நாளுக்கும் முடிவு எடுக்கும் நாளுக்கும் நடுவில் இருக்கும் அந்த வாரங்களில்தான் பாதி வியாபாரம் யாருக்கும் தெரியாமல் கைநழுவிப் போகிறது. மாடுலர் கிச்சன், போர்வெல், டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம் நடத்துபவர்களுக்கும் இதே நிலைதான். இதைப் பற்றிப் பலர் கேட்கும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

வருகிறவர் பேர், நம்பர் எல்லாம் நோட்டில் எழுதித்தான் வைக்கிறோம். அது போதாதா?

எழுதுவது நல்ல பழக்கம். நோட்டின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் விசாரித்து வந்த தேதிப்படி அது நிரம்புகிறது. நமக்கு வேண்டியதோ அவரை மறுபடி அழைக்க வேண்டிய தேதி. ஜூன் 12 அன்று வந்தவர் ‘ஆவணி பிறக்கட்டும், பார்க்கலாம்’ என்றார். அவர் பெயர் ஜூன் 12 பக்கத்தில் பத்திரமாக இருக்கும். ஆவணி பிறக்கும்போது நோட்டு நாற்பது பக்கம் தள்ளிப் போயிருக்கும், அந்தப் பழைய பக்கத்தைத் திருப்ப யாருக்கும் காரணம் இருக்காது. ஞாபகம் வந்தால் அழைப்பீர்கள். அதற்குள் வேறு ஆள் போய் அவர் மாடியை அளந்திருப்பார்.

காகிதமே வசதி என்பவர்கள் தேதி அச்சிட்ட டைரி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். வந்த நாளின் பக்கத்தில் எழுதாமல், கூப்பிட வேண்டிய நாளின் பக்கத்தில் பெயரையும் நம்பரையும் எழுதுங்கள். காலையில் கடை திறந்ததும் அன்றைய பக்கத்தைப் பார்த்தால் போதும். ஒரே ஆள் கவனிக்கும், வாரத்துக்கு ஐந்தாறு பேர் விசாரிக்கும் கடைக்கு இது தாராளம். இரண்டு பேர் போன் பேச ஆரம்பித்துவிட்டால் டைரி யார் கையில் இருக்கிறது என்ற தேடல் வந்துவிடும். அப்போதுதான் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது.

அதற்கென்று மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் ஷீட்ஸ் இலவசம். கணக்குக்கு 15 ஜிபி இடம் தருகிறார்கள். மெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றாலும், வெறும் எழுத்தும் எண்ணும் உள்ள இந்தப் பதிவேடு அதில் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். ஒரு ஷீட்டில் 1 கோடி கட்டங்கள் வரை போகலாம். சிறு கடை ஒன்று பல வருடம் எழுதினாலும் அதைத் தொடாது. அலுவலகத்தில் கம்ப்யூட்டரிலும், சைட்டில் நிற்பவர் தன் போனிலும் ஒரே நேரத்தில் திறந்து எழுத முடியும் என்பதுதான் நோட்டில் கிடைக்காத வசதி.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருங்கள். ஷீட்டை நிறுவனத்தின் பெயரில் உள்ள ஜிமெயிலில் தொடங்க வேண்டும். ‘தம்பிக்கு கம்ப்யூட்டர் தெரியும், அவனே போடட்டும்’ என்று ஊழியரின் சொந்தக் கணக்கில் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் பதிவேடும் அவரோடு போய்விடும்.

என்னென்ன கட்டங்கள் போடுவது? எங்கள் ஊழியர் இருபத்தைந்து தலைப்பு போட்டு ஒரு ஷீட் செய்தார். ஒரு வாரம் கூட யாரும் நிரப்பவில்லை.

இருபத்தைந்து தலைப்பு இருந்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போதே நிரப்பி முடிக்கும் அளவுதான் இருக்க வேண்டும். சோலார் கடைக்கு இவை போதும்: வந்த தேதி, பெயர், போன் நம்பர், ஏரியா, எப்படி நம்மைத் தெரிந்துகொண்டார், இரண்டு மாத யூனிட், நிலை, அடுத்து அழைக்கும் தேதி, யார் பொறுப்பு, கடைசியாக என்ன பேசினோம்.

ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ‘ஜூன் 12, டீச்சரம்மா, நம்பர், பல்லடம் ரோடு, பழைய கஸ்டமர் சொல்லி வந்தார், 640 யூனிட், கொட்டேஷன் கொடுத்தாச்சு, ஆகஸ்ட் 18, பொறுப்பு அலுவலகம், ஆடி முடிந்ததும் கூப்பிடச் சொன்னார், மகன் பெங்களூரில், அவரிடமும் பேச வேண்டும், மாடியில் தென்னை நிழல் விழுகிறது.’ எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆகஸ்ட் 18 அன்று அழைப்பவர் முன்பின் தெரியாத புதிய ஊழியராக இருந்தாலும், ‘அம்மா, மகன்கிட்ட பேசினீங்களா? அந்தத் தென்னை நிழலுக்கு எங்க ஆள் ஒரு வழி சொன்னார்’ என்று பேச்சைத் தொடங்க முடியும். எடுத்தவுடன் ‘மேடம், சோலார் விஷயமா பேசுறோம்’ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவதை யாரும் விரும்புவதில்லை. தான் சொன்னதை இவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதே வாங்குபவருக்குப் பாதி நம்பிக்கை.

யூனிட்டை ஏன் கேட்கிறோம் என்றால், தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே செலவை முடிக்கிற வீட்டுக்கு பில்லே வராது. அவருக்கு சோலார் விற்கப் போவது அவருக்கும் நல்லதல்ல, உங்கள் நேரத்துக்கும் நல்லதல்ல. மற்ற தொழிலில் இந்த இடத்தில் வேறு கேள்வி வரும். கிச்சன் வேலைக்கு ‘வீடு கட்டி முடிந்ததா?’, மண்டபத்துக்கு ‘முகூர்த்த தேதி என்ன?’. இவர் உண்மையிலேயே நமக்கான ஆளா என்று சொல்லிவிடும் அந்த ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

‘நிலை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆளுக்கொரு விதமாக எழுத விடாதீர்கள். ஷீட்டில் ‘இன்சர்ட்’ மெனுவில் ‘டிராப்டவுன்’ இருக்கிறது. அதில் ஆறு சொற்கள் போதும்: புதியது, பேசியாச்சு, சைட் பார்த்தாச்சு, கொட்டேஷன் கொடுத்தாச்சு, ஆர்டர், வேண்டாம். ஏரியா பெயருக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கிலத்திலும் எழுதி, தேடும்போது பாதி வராது.

இந்த முழுப் பதிவேட்டின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. ‘ஆர்டர்’, ‘வேண்டாம்’ இரண்டையும் தவிர வேறு எந்த நிலையில் இருக்கும் வரியிலும் ‘அடுத்து அழைக்கும் தேதி’ காலியாக இருக்கக் கூடாது. ‘பார்க்கலாம்’ என்று அவர் சொன்னால் நீங்கள் ஒரு தேதி போடுங்கள். ‘நானே கூப்பிடுறேன்’ என்றாலும் போடுங்கள். போனை எடுக்கவில்லையா, நாளை மறுநாளுக்கு மாற்றுங்கள். தேதி இல்லாத வரி மறந்துபோன வரி. மற்ற கட்டங்கள் எல்லாம் அரைகுறையாக இருந்தாலும் இந்த ஒன்று சரியாக இருந்தால் பதிவேடு வேலை செய்யும். இது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான ஷீட்டாக இருந்தாலும் பழைய நோட்டுதான்.

‘வேண்டாம்’ என்று போகிறவரின் வரியை அழிக்காதீர்கள். ஏன் என்று இரண்டு சொல் எழுதிவையுங்கள்: விலை, நிழல், வாடகை வீடு, கடன் கிடைக்கவில்லை, வேறு இடத்தில் போட்டுவிட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ‘விலை’ என்ற காரணத்தோடு நின்றுபோனவர்களின் பட்டியல் கையில் இருந்த கடைக்காரருக்கு அந்த வாரம் யாரை அழைப்பது என்ற குழப்பமே இருந்திருக்காது. பட்டியல் இல்லாதவர் மறுபடி நோட்டீஸ் அடித்திருப்பார்.

இன்றைக்கு யாரை அழைப்பது என்று ஷீட் தானாகச் சொல்லுமா?

சொல்லும், ஃபார்முலா எதுவும் தெரிய வேண்டாம். ‘அடுத்து அழைக்கும் தேதி’ கட்டங்களை முழுவதும் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மேட்’ மெனுவில் ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ போங்கள். ‘டேட் இஸ்’, ‘டுடே’ என்றால் மஞ்சள், ‘டேட் இஸ் பிஃபோர்’, ‘டுடே’ என்றால் சிவப்பு என்று இரண்டு விதி வையுங்கள். நாள் தவறிய அழைப்பெல்லாம் சிவப்பாகவும், இன்றைக்கு உரியவை மஞ்சளாகவும் தெரியும். முடிந்துபோன வரிகளில் தேதியைக் காலியாக்கிவிடுங்கள், சிவப்பு தானே போய்விடும். அந்தத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் இவை மேலே வந்து நிற்கும். காலையில் முதல் அரை மணி நேரம் சிவப்பும் மஞ்சளும் தீரும்வரை போன். மாலையில் கடை சாத்துமுன் ஒருமுறை பார்த்து, பேசியவர்களுக்குப் புதிய தேதி போட்டாயிற்றா என்று உறுதி செய்யுங்கள்.

நாங்களும் செய்து பார்த்தோம். தேதிகள் தாறுமாறாக நிற்கின்றன, நம்பர்களில் பிழை காட்டுகிறது. ஏன்?

இந்த இடத்தில்தான் பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். காரணம் சின்னது.

ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் மாதத்தை முதலில் படிக்கும். ஆகஸ்ட் 5 என்று நினைத்து 5/8 அடித்தால் அது மே 8 ஆகிவிடும். 25/8 அடித்தாலோ, இருபத்தைந்தாம் மாதம் என்று எதுவும் இல்லாததால், அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும். நிறமும் மாறாது, வரிசையிலும் வராது. எழுதத் தொடங்கும் முன்பே ‘ஃபைல்’, ‘செட்டிங்ஸ்’, ‘லொகேல்’ என்று போய் ‘இந்தியா’வைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே மே ஆகிப்போன ஆகஸ்ட் திரும்பி வராது.

போன் நம்பர் கட்டத்தை ‘ஃபார்மேட்’, ‘நம்பர்’, ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் லேண்ட்லைன் நம்பரின் முதல் பூஜ்யத்தைத் தின்றுவிடும். கூட்டல் குறியோடு 91 சேர்த்து, நடுவில் இடம் விட்டு ஒட்டினால் கணக்குப் போடச் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் பிழை காட்டும். எல்லாரும் பத்து இலக்கம் மட்டும், இடைவெளி இல்லாமல் அடிப்பது என்று வைத்துக்கொண்டால் தேடுவதும் எளிது. புதியவரை எழுதும் முன் நம்பரின் கடைசி ஐந்து இலக்கத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். கணவர் பிப்ரவரியிலும் மனைவி ஜூனிலும் அதே நம்பரிலிருந்து கேட்டிருப்பார்கள். இரண்டு வரியாக எழுதினால் இரண்டு ஊழியர்கள் இரண்டு விலை சொல்லும் நிலை வரும்.

வரிசைப்படுத்தும்போது மிகுந்த கவனம் தேவை. தேதிக் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட் ரேஞ்ச்’ கொடுத்தால் தேதிகள் மட்டும் நகரும், பெயர்கள் அங்கேயே நிற்கும். ஒருவர் தேதி இன்னொருவருக்குப் போய்விடும். முதலில் ‘வியூ’, ‘ஃப்ரீஸ்’ மூலம் தலைப்பு வரியை நிறுத்திவிட்டு, ‘சார்ட் ஷீட்’ என்பதை மட்டும் பயன்படுத்துங்கள். தவறு நடந்துவிட்டாலும் பயம் வேண்டாம். ‘ஃபைல்’ மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் நேற்றைய நிலை அப்படியே இருக்கும், மீட்டுக்கொள்ளலாம்.

எத்தனை முறை அழைக்கலாம்? தொல்லை என்று நினைத்துவிட மாட்டார்களா?

தினம் ஒருமுறை ‘சார், என்ன முடிவு பண்ணீங்க?’ என்றால் தொல்லைதான். அழைப்புக்கு ஒவ்வொரு முறையும் காரணம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். விசாரித்த அன்றே ஒரு பதில். சைட் பார்த்த மறுநாளே கொட்டேஷன். அதிலிருந்து மூன்றாம் நாள், ‘கொட்டேஷனில் புரியாதது ஏதாவது இருக்கா?’ என்று ஒரு அழைப்பு. அதற்குப் பின் தேதியை நீங்கள் முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள்: ‘மறுபடி எப்ப கூப்பிடட்டும்?’ அவர் சொன்ன தேதியில் அழைத்தால் அது தொல்லை ஆகாது.

நம் ஊரில் மக்கள் முடிவெடுக்கும் காலம் காலண்டரோடு கட்டுண்டது. ஆடியிலும் மார்கழியிலும் ‘இப்ப வேண்டாம்’ என்பவர் நிஜமாகவே மாதத்தைத்தான் சொல்கிறார். ஆவணி முதல் வாரம், தை முதல் வாரம் என்று தேதி போட்டுவையுங்கள். சோலாருக்கு இன்னொரு நல்ல நாள் கரண்ட் பில் வரும் நாள். ஏசி ஓடிய கோடை மாதங்களின் பில் கைக்கு வந்த வாரத்தில் அழைத்தால், நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அவருக்கு எந்த மாதம் கணக்கெடுப்பு என்று முதல் பேச்சிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கிடைத்ததோடு ஃபாலோ-அப் முடிவதில்லை. அதே ஷீட்டில் ‘வேலை’ என்று இன்னொரு பக்கம் திறந்து, இணையதள விண்ணப்பம், பேனல் பொருத்தியது, நெட் மீட்டர், மானியம் வரவு என்று தேதிகளை எழுதி வாருங்கள். மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது. அது வந்துவிட்டதா என்று நீங்களே அழைத்துக் கேட்கும் நாளில், ‘உங்க தெருவுல வேற யாராவது கேட்டாங்களா?’ என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு நம்பரோடு வரும். இதைவிட மலிவான விளம்பரம் இந்தத் தொழிலில் கிடையாது.

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டால் போதாதா?

2018-ல் வந்த அந்தச் செயலியும் இலவசம்தான். ‘நியூ கஸ்டமர்’, ‘பேமென்ட் பெண்டிங்’ போல 20 லேபிள் வரை வைக்கலாம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்துவைக்கலாம். உரையாடலுக்கு அது அருமையான கருவி. ஆனால் லேபிளுக்குத் தேதி தெரியாது. ‘கொட்டேஷன் கொடுத்தாச்சு’ என்ற லேபிளுக்குள் நேற்று வாங்கியவரும் நான்கு மாதம் முன் வாங்கியவரும் ஒன்றாகக் கிடப்பார்கள். போனில் பேசியவர்களும் நேரில் வந்தவர்களும் அதில் இருக்கவே மாட்டார்கள். பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கட்டும், கணக்கு ஷீட்டில் இருக்கட்டும்.

ஊழியர்கள் நிரப்புவதில்லையே?

உரிமையாளர் அதைப் பார்த்துப் பேசினால் நிரப்புவார்கள். ‘அந்தப் பல்லடம் ரோடு டீச்சரம்மா என்ன ஆச்சு?’ என்று வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு, ஷீட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். வரி இல்லாத என்கொயரிக்கு ஊக்கத்தொகை இல்லை என்று வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. அதைவிட, சைட்டில் நிற்பவர் தட்டச்சு செய்யச் சிரமப்படாமல் போனின் கீபோர்டில் தமிழில் பேசியே பதிவு செய்யக் கற்றுக்கொடுப்பது நல்ல பலன் தரும்.

இப்படி நம்பர்களைச் சேர்த்து வைப்பது சட்டப்படி சரியா?

சோலார் விலை கேட்டுத் தானாக நம்பர் கொடுத்தவரை சோலார் விஷயமாக அழைப்பதற்கும், எங்கிருந்தோ காசுக்கு வாங்கிய பட்டியலில் உள்ளவரை அழைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதைச் செய்யுங்கள், பின்னதன் பக்கமே போகாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பர அழைப்பு செய்யக் கூடாது. மக்கள் 1909-ல் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி 10 நாளில் 5 புகார் வந்தாலே அந்த நம்பர் மீது நடவடிக்கைக்கு வழி இருக்கிறது. கடையின் ஒரே நம்பர் முடங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. சிறு கடைக்காரர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் எளியவை. எதற்காக நம்பர் வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது, கேட்டால் அழிப்பது, தேவையில்லாததைச் சேர்க்காமல் இருப்பது. ஆதார் நகல், வங்கி பாஸ்புக் போட்டோ எதையும் இந்த ஷீட்டில் ஒட்டாதீர்கள். பகிரும்போது ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற வசதியைத் தொடவே வேண்டாம். ஊழியர்களின் மெயில் முகவரியை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒருவர் வேலையை விட்டதும் அன்றே நீக்குங்கள். ‘இனி கூப்பிடாதீங்க’ என்றவருக்கு ‘வேண்டாம்’ போட்டு, காரணத்தில் அதையே எழுதிவிடுங்கள். அந்த வரியை வேறு எவரும் மறுபடி தொடக் கூடாது.

எப்போது பெரிய மென்பொருளுக்கு மாறுவது?

நான்கைந்து பேர் முழுநேரமும் போன் பேசத் தொடங்கி, யார் யாரை அழைத்தார் என்பதே தெரியாத நிலை வரும்போது யோசிக்கலாம். சென்னையில் வேரூன்றிய ஜோஹோவின் சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) மூன்று பயனர் வரை இலவசம். வேறு நிறுவனங்களும் இலவசத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. எதில் சேர்ந்தாலும், முதல் நாளே பத்து வரிகளைப் போட்டுவிட்டு, அவற்றை எக்ஸெல்லாகத் திரும்ப வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எடுக்க முடியாத இடத்தில் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை வைக்காதீர்கள். ஷீட்டில் ஆறு மாதம் ஒழுங்காக எழுதிய கடைக்கு மாறுவது அரை நாள் வேலை. ஷீட்டையே நிரப்பாத கடை, காசு கட்டி வாங்கும் மென்பொருளையும் நிரப்பாது.

அலமாரியில் மூன்று வருட நோட்டுகள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம், அதைத் தொடங்கினால் ஷீட்டே தொடங்காது. இன்று வருபவரிலிருந்து எழுதுங்கள். பழைய நோட்டுகளில் கடைசி மூன்று மாதத்தை மட்டும் எடுத்து, கொட்டேஷன் வரை போனவர்களை மட்டும் ஏற்றுங்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் தேதி போட்டுவிடாமல், நாளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துப் போடுங்கள். அழைக்கும்போது பழைய விலையைப் பேசாதீர்கள். புதிய விலையில் கொட்டேஷனைத் திருத்தி அனுப்பிவிட்டு அழையுங்கள்.